சப்பாத்தி மாவில் நின்ற சக்கரம்

எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் ‘முடியாது’ என்று சொல்வதில்லை. கோயமுத்தூருக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு இது பிடிபடச் சில வருடங்கள் ஆகும். ‘பாக்கலாமுங்க’ என்றால் முடியாது. ‘ஒரு வாரம் ஆகுமுங்க’ என்றாலும் முடியாது. ‘செஞ்சரலாமுங்க’ என்று சொல்லிவிட்டு உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சத்தியமாக முடியாது. எல்லாவற்றிலும் ஆபத்தானது ‘பரவால்லீங்க’. சாப்பாடு அமிர்தமாக இருந்தாலும் பரவால்லீங்க, உப்பே போடாமல் விட்டிருந்தாலும் பரவால்லீங்க. காலில் கல் விழுந்தவனைக் கேட்டாலும் இதையேதான் சொல்வான். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இந்த அகராதி மனப்பாடம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டயர் விவகாரம் ஆரம்பித்ததும் இப்படி ஒரு மரியாதையில்தான். எங்கள் சின்னக் காரின் முன்சக்கரங்கள் இரண்டிலும் டயர் தேய்ந்து, ஒன்றில் பக்கவாட்டில் கொழுக்கட்டை மாதிரி புடைத்தும் விட்டது. எண்பதைத் தொட்டால் ஸ்டீரிங் கையை உதறியது. உடுமலைப்பேட்டையில் வாழும் மகளிடம் போனில் புலம்பினேன். அவள் ஆன்லைனில் இரண்டு டயர் வாங்கி வீட்டுக்கே அனுப்பிவிட்டாள். அவற்றைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு சரவணம்பட்டி மெயின் ரோட்டில் ஒரு டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் டயரைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், மோந்து பார்க்காததுதான் பாக்கி.

“நல்ல டயருங்க. நம்ம கடைல எடுத்திருந்தா இந்நேரம் மாட்டியே குடுத்திருப்பனுங்க.”

“இப்ப மாட்டித் தர மாட்டீங்களா?”

“ஐயோ, அப்பிடியெல்லாம் இல்லீங்க. ஒரு வாரம் ஆகுமுங்க.”

அவருக்குப் பின்னால் டயர் மாற்றும் மெஷின் சும்மா நின்றது. அதன் மேல் தட்டை வைத்து ஒருவர் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே குடியிருக்கும். ஆனால் எங்கள் ஊரில் கோபத்துக்கும் ‘ங்க’ போட்டாக வேண்டும். “சரீங்க, வாரனுங்க” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் செய்தித்தாளைக் குறுக்காகத் திருப்பி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாகவே அப்படித்தான் படிக்கிறார். ஓய்வு பெற்ற மனிதருக்குப் பொழுதுபோக வேண்டாமா என்று நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. நான் கடைக்காரரை ஒரு பாட்டம் திட்டி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, பேப்பரை மடித்து வைத்தார்.

“கடை எதுக்கு அம்மணி. நாமளே ஊட்ல மாட்டிப்போடலாம். பேலன்ஸும் நாமளே பண்ணிரலாம்.”

இந்த இடத்தில் எனக்கு ஏன் குப்பென்று சந்தோஷம் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு எங்கள் காரின் முன்சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போன வருடம் அவருக்கு மூளையில் சின்னதாக ஒரு ரத்தக்கட்டு. கை, கால், பேச்சு எல்லாம் தப்பித்தன. பார்வையில் வலது பக்கம் மட்டும் பாதிப்பு என்றார் டாக்டர். ஒரு காகிதத்தில் இரண்டு வட்டம் வரைந்து பாதிப் பாதியாகக் கறுப்படித்து ஏதோ விளக்கினார். ஆளைப் பிழைக்க வைத்தார்களே என்ற நினைப்பில் அந்தப் படத்தை யார் பார்த்தது? வலது கண் மங்கிவிட்டது, இடது கண் நன்றாக இருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். இனி கார் ஓட்டக் கூடாது என்றார். அது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. லைசென்ஸ் எடுத்து அலமாரியில் வைத்திருந்த நான், டிரைவிங் ஸ்கூலில் மறுபடி சேர்ந்து, இரண்டு தள்ளுவண்டிகளையும் ஒரு எருமையையும் பயமுறுத்தி, ஒருவழியாக ஓட்டக் கற்றுக்கொண்டேன். நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக்குக் காரிலேயே போய்வர ஆரம்பித்தேன்.

ஆனால் அவர் ஏறவில்லை. ஒரே ஒரு முறை ஏறினார். ஆஸ்பத்திரியில் கடைசிப் பரிசோதனை முடிந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். கணபதி பஸ் ஸ்டாப் வரும்போது முகம் வெளிறி, “நிறுத்து அம்மணி, ஒரு சாமான் வாங்கோணும்” என்று இறங்கினார். “நீ போ, நான் வாரேன்” என்றவர் வெறுங்கையோடு ஆட்டோவில் வந்து சேர்ந்தார். அதற்கப்புறம் எங்கே கூப்பிட்டாலும் ‘பாக்கலாம் அம்மணி’தான். கல்யாணத்துக்கு நான் காரில், அவர் பஸ்ஸில். ஒரே துக்க வீட்டுக்கு இரண்டு பேரும் இரண்டு வண்டியில் போய் இறங்கி, செத்தவரை விட்டுவிட்டு எங்களைப் பற்றி விசாரிக்கும்படி ஆனது. ஒருமுறை “வேணும்னா பொறகால உக்காந்துக்கறேன்” என்றார். “நீங்க பொறகால உக்காந்தா நானென்ன உங்க டிரைவருங்களா?” என்று சீறினேன். அதோடு அந்தப் பேச்சும் நின்றது.

பெண்டாட்டி ஓட்ட, பக்கத்தில் ஆம்பளை உட்கார்ந்து போவதைத் தெரு பார்க்குமே என்ற வறட்டுக் கவுரவம். இதுதான் காரணம் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். கேட்டால் மட்டும் ஒத்துக்கொள்வாரா? “அதெல்லாமில்ல, வண்டி ஆடுது, அதான்” என்பார்.

இப்போது மகளுக்கு ஒன்பதாம் மாதம். கட்டுச்சோற்றுக்கு நாள் குறித்தாகிவிட்டது. பெண்ணைப் பெற்றவர்கள் விதவிதமாகச் சோறு கிளறிக் கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய், விருந்து முடிந்ததும் மகளைப் பிரசவத்துக்குக் கூட்டிவரும் சடங்கு அது. திரும்பும்போது மகள் பின்சீட்டில் காலை நீட்டி உட்கார வேண்டும். அவர் முன்சீட்டில்தான் வந்தாக வேண்டும். அவரோ, “உக்கடத்துல ஏறுனா உடுமலைக்கு நேரா பஸ்ஸு இருக்குது” என்று ஆரம்பித்திருந்தார். தகப்பன் பஸ்ஸில் வந்து இறங்கி, பஸ்ஸிலேயே திரும்பிப் போனால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள்? மகளிடம் நான் என்ன சொல்வது? அதைவிட, என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறாரே என்பது எனக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது. அதனால்தான் சந்தோஷம். அவரிடம் மிச்சமிருந்தது ‘வண்டி ஆடுது’ என்ற ஒரே சாக்கு. அதையும் அவர் கையாலேயே சரி செய்கிறேன் என்கிறார். சாக்குப் போனால் ஆள் ஏறித்தானே ஆக வேண்டும்?

அவர் வேலை பார்த்தது ஒரு பம்ப் கம்பெனியில், பேலன்ஸிங் பிரிவில். பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் ஒரு பக்கம் கனமாக இருந்தால் மோட்டாரே உதறிச் சாகும் என்பார். கனத்தைக் கண்டுபிடிப்பதற்கு அவர் வைத்திருந்த வழி சுலபமானது. சுழலும் பொருளை உராய்வே இல்லாத ஒரு தண்டில் மாட்டி, கையை எடுத்துவிட்டால் கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும். மேல்பக்கம் எடை வைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும். “இம்பெல்லருக்கு ஆகறது டயருக்கு ஆகாதா?” என்றார். எங்கள் ஊர் ஆம்பளைகளிடம் எதைக் கொடுத்தாலும் கடைசியில் அதை ஒரு பம்பாக ஆக்கிவிடுவார்கள்.

தெரிந்த லேத்துப் பட்டறையில் ஒரு இரும்புத் தண்டும், ரிம்மின் நடு ஓட்டையில் இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிக்கிற மாதிரி இரண்டு கூம்பும் கடைந்து வாங்கினார். தண்டின் இரு முனைக்கும் பழைய பேரிங். பேரிங்கில் இருந்த கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவிக் கழுவி எடுத்தார். கிரீஸ் இருந்தால் சக்கரம் பொய் சொல்லுமாம். என் இட்லிப்பாத்திரம் ஒன்று அந்த மண்ணெண்ணெய்க்குப் பலியானது.

டயரை நெம்பும் லிவர் வாங்க நான் உக்கடம் பழைய இரும்புக் கடைகளுக்குப் போனேன். தொப்பி போட்ட பாய் ஒருவர், நான் எடுத்த நீளமான லிவரைக் கையிலிருந்து மெதுவாக வாங்கி வைத்துவிட்டார்.

“அது லாரிக்குங்க அக்கா. இதுல நெம்புனா உங்க ரிம்மு கோணிப் போயிரும். ஊட்டுக்காரர் என்ன வண்டி ஓட்டறாருங்க?”

“நான்தானுங்க ஓட்டறேன்.”

“அப்ப அவரு?”

“அவரு பஸ்ஸுல வருவாருங்க.”

பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். சின்ன லிவர் இரண்டையும், கிளிப் வைத்த ஈயக்கட்டைகள் ஒரு பொட்டணத்தையும் கொடுத்து, ரிம்மில் கீறல் விழாமலிருக்க வைத்துக்கொள்ளுங்கள் என்று கிழிந்த சைக்கிள் டியூப் ஒரு முழமும் சேர்த்துக் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை போர்ட்டிகோவில் வேலை ஆரம்பமானது. பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, போல்ட்டுகளை முதலில் தளர்த்தி, அப்புறம் ஜாக்கி போட்டுத் தூக்கினோம். புடைத்த டயர் இருந்த சக்கரத்தைக் கழற்றி, அந்த இடத்தில் ஸ்டெப்னியை மாட்டினோம். வால்வின் ஊசியைத் திருகி எடுத்ததும் உள்ளிருந்த காற்றெல்லாம் சீறிக்கொண்டு போனது.

டியூப் இல்லாத டயர் ரிம்மை விட்டு அவ்வளவு சுலபத்தில் வராது. வருடக்கணக்கில் ஒட்டிக் கிடந்தது, சம்மட்டியால் அடித்தாலும் அசையவில்லை. அவர் ஒரு பலகையைக் கொண்டுவந்து, படுக்க வைத்த டயரின் ஓரத்தில் ஒரு முனையை வைத்தார்.

“நீ காரை எடுத்து இந்தப் பலகை மேல ஏத்து. ரிம்மு மேல ஏத்திராத. டயரு மட்டும் அமுங்கோணும்.”

நான் ஸ்டீரிங்கைப் பிடிக்க, அவர் முன்னால் நின்று “வா, வா, வா” என்று கையை ஆட்டினார். எதிர் வீட்டு மாடியில் ஐ.டி. கம்பெனித் தம்பதி காபிக் கோப்பையோடு வந்து நின்றார்கள். பலகை அமுங்கியது, ‘டொப்’ என்று டயர் ரிம்மை விட்டது. அந்தப் பையன் மேலிருந்து கேட்டான், “அங்கிள், யூட்யூப் சேனலுக்குங்களா?”

“இல்லீங்க, கோவத்துக்குங்க” என்றேன்.

அப்புறம் லிவர். சைக்கிள் டியூபைத் துண்டு துண்டாக வெட்டி ரிம்மின் விளிம்பில் வைத்து, சோப்புத் தண்ணீரைத் தடவி, இரண்டு லிவரையும் மாற்றி மாற்றி நெம்ப வேண்டும். எதிர்ப்பக்க டயர் ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கியிருந்தால்தான் இந்தப் பக்கம் ஏறும். அதற்கு ஒரு ஆள் டயர் மேல் ஏறி மிதிக்க வேண்டும். எடையில் எனக்குக் குறைவில்லாததால் அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதிக்க, அவர் மண்டியிட்டு நெம்ப, பழைய டயர் வெளியே வந்தது. புது டயர் உள்ளே போனது. சோப்புத் தண்ணீர் என் ரவிக்கைவரை வந்தது.

வலதுபக்கம் வைத்த லிவரை அவர் அடிக்கடி தேடினார். “இங்கதான வெச்சேன்” என்பார். முழங்காலுக்கு அருகிலேயே கிடக்கும். நான் எடுத்துக் கொடுத்துவிட்டு, “பாக்கறது டயரையா, எதிர் ஊட்டு அம்மணியவா?” என்றேன். அவர் சிரித்துவிட்டு நெம்புவதைத் தொடர்ந்தார்.

காற்றடிப்பதுதான் பெரிய கூத்து. கால் பம்பால் அடித்தால் டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கும் சந்தில் காற்றெல்லாம் ஓடிவிடும். கிணற்றுக் கயிற்றை டயரைச் சுற்றிக் கட்டி, உள்ளே ஒரு கட்டையைக் கொடுத்து முறுக்கினார். டயரின் வயிறு இறுகி ஓரங்கள் விரிந்து ரிம்மைத் தொட்டன. “இப்பப் பம்பை மிதி” என்றார். மிதித்தேன். நான் மிதிப்பதை நிறுத்தினால் காற்று ஓடிவிடும் என்று பயமுறுத்தியே மிதிக்க வைத்தார். கால் கழன்றுவிடும் என்று நினைத்த நேரத்தில் டயர் உள்ளேயிருந்து ‘டப்’ என்றது, கொஞ்சம் பொறுத்து இன்னொரு ‘டப்’. ஓரங்கள் இரண்டும் ரிம்மில் போய் உட்கார்ந்துவிட்டன. மாடியில் கைதட்டல் கேட்டது. நான் கயிற்றுக்கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இனி பேலன்ஸ். இரண்டு ஸ்டூலுக்கு நடுவில் தண்டை வைத்துச் சக்கரத்தை மாட்டினோம். அவர் விரலால் லேசாகத் தொட்டுவிட்டார். சக்கரம் மெதுவாகச் சுழன்று, தயங்கி, கொஞ்சம் திரும்பி வந்து நின்றது. கீழே நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். மறுபடி சுழற்றினால் அதே கோடு கீழே வந்தது.

“பாத்தியா, கனம் இங்க இருக்குது. அக்கட்டால எடை வெக்கோணும். எவ்வளவுன்னு தெரியோணும்னா களிமண்ணு மாதிரி ஏதாச்சும் ஒட்டிப் பாக்கோணும். கம்பெனில மெழுகு வெச்சிருந்தோம்.”

வீட்டில் மெழுகுக்கு எங்கே போவது? மதியத்துக்குப் பிசைந்து வைத்திருந்த சப்பாத்தி மாவைக் கொண்டுவந்தேன். எங்கள் முறை இதுதான்: கோட்டுக்கு நேர் எதிரில் ரிம்மின் விளிம்பில் மாவை ஒட்டுவது, சுழற்றிப் பார்ப்பது, கிள்ளி எடுப்பது, மறுபடி ஒட்டுவது. சக்கரம் எங்கே விட்டாலும் அசையாமல் நிற்கும் நிலை வந்ததும் அந்த மாவை எடுத்துச் சமையலறைத் தராசில் நிறுத்து, அதே எடைக்கு ஈயக்கட்டையை அடித்து மாட்டுவது. முதல் சக்கரத்தை இப்படியே நிறுத்திக் காட்டினார். சுட்டால் ஒரு சப்பாத்திகூடத் தேறாத மாவின் கனம் ஒரு ஸ்டீரிங்கையே உதற வைக்கும் என்பதை நம்பவே முடியவில்லை.

இன்னொரு சக்கரத்துக்கும் மறுபடி பலகை, லிவர், கயிறு எல்லாம் நடந்து தண்டில் ஏற்றினோம். இது அடம்பிடித்தது. மாவை ஒட்டுகிறார், சுழற்றுகிறார், நிற்கவில்லை. மறுபடி மறுபடி ஒட்டுகிறார். “ரெண்டு உருண்டை வெச்சேன், ஒண்ணு எங்க போச்சு?” என்று கீழே தேடுகிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. உருண்டை ரிம்மிலேயே இருந்தது. அவர் முகத்துக்கு நேரே, கொஞ்சம் வலதுபக்கமாக.

“ஏனுங்க, வெளையாடறீங்களா? கண்ணு முன்னாலதான் இருக்குது.”

அவர் விளையாடவில்லை. தலையை முழுசாக வலதுபக்கம் திருப்பினார். அப்போதுதான் உருண்டை அவருக்குத் தெரிந்தது. “ஓ, இங்கயே இருக்குதா” என்றார், பக்கத்து வீட்டுப் பூனையைப் பார்த்த மாதிரி.

அவருக்கு முன்னால் போய் நின்றேன். மாவு ஒட்டிய கையால் அவருடைய வலது கண்ணைப் பொத்தினேன்.

“இப்ப நல்ல கண்ணு மட்டும் தொறந்திருக்குது. என்ற மூக்கையே பாருங்க. கண்ணைத் திருப்பக் கூடாது. இந்தக் கை தெரியுதுங்களா?”

இன்னொரு கையை அவருக்கு வலதுபக்கத்தில் நீட்டி விரலை ஆட்டினேன்.

“எந்தக் கை?” என்றார்.

இடது கண்ணைப் பொத்தினேன். அதுவும் அப்படியேதான். எந்தக் கண்ணைத் திறந்தாலும் உலகத்தில் வலதுபக்கப் பாதி இல்லை. கறுப்பாகக்கூட இல்லை, ஒன்றுமே இல்லையாம். டாக்டர் வரைந்த இரண்டு வட்டத்திலும் பாதி பாதி கறுப்பு ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. குறுக்காகத் திருப்பிய செய்தித்தாளும் விளங்கியது. நேராக வைத்தால் அடுத்த வார்த்தை வரும் இடமே அவருக்கு இல்லை.

“இத்தன நாளா ஏன் சொல்லுல?”

“சொன்னனே அம்மணி. நீ கேக்கறப்பயெல்லாம் சொன்னேன்.”

“என்ன சொன்னீங்க?”

“பரவால்லன்னு.”

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. டாக்டர் ‘எப்படி இருக்குதுங்க’ என்றால் பரவால்லீங்க. மகள் கேட்டால் பரவால்ல கண்ணு. நான் கேட்டால் பரவால்ல அம்மணி. இந்த ஊரின் அத்தனை ‘ங்க’வையும் அள்ளிக் கொண்டுபோய் நொய்யலில் கொட்டலாம் போலிருந்தது. கத்தினேன். மாடியில் இருந்த தம்பதி காபிக் கோப்பையோடு உள்ளே போய்விட்டார்கள். கத்திக்கொண்டிருக்கும்போதே கேள்வி ஒன்று தானாக வந்து விழுந்தது.

“அப்ப முன்சீட்ல உக்காந்தா?”

கையில் ஒட்டியிருந்த மாவை உருட்டிக்கொண்டே இருந்தார்.

“முன்சீட்ல உக்காந்தா நீ இல்ல அம்மணி. ஸ்டீரிங்கும் இல்ல, எதுக்கால வர்ற வண்டியும் இல்ல. எனக்கு இக்கட்டால கடைங்க போறது மட்டும் தெரியுது. வண்டி பாட்டுக்குத் தானா ஓடுது. அன்னைக்கி கணபதிகிட்ட ஒரு லாரி ஆரன் அடிச்சான், எங்கிருந்துன்னு தெரியல. உன்னையும் காணோம். நெம்பப் பயமாப் போச்சு. அதான் எறங்கிட்டேன்.”

அதுவரை நான் தெருவுக்குப் பயப்படுகிற ஆம்பளையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அப்படி ஒருவர் எங்கள் வீட்டில் இல்லவே இல்லை. அழுதேன். மாவுக் கையால் முகத்தைத் துடைத்து, மூஞ்சியெல்லாம் மாவாகி, அதைப் பார்த்து அவர் சிரிக்க, நான் அழுதபடியே திட்டினேன்.

“நீங்க பொறகாலயே உக்காருங்க. எனக்கு நேர் பொறகால. அங்க பயமிருக்காதில்ல? நான் டிரைவராவே இருந்துட்டுப் போறேன்.”

“வேண்டாம். திரும்பறப்பப் புள்ள காலை நீட்டோணும். முன்னாலயே வாரேன்.”

“பயமா இருக்குமே.”

“நீ பேசிக்கிட்டே வா. சத்தம் வந்துச்சுன்னா நீ அங்க இருக்கறேன்னு எனக்குத் தெரியும். அது போதும்.”

பேசாமல் இருக்கச் சொல்லித்தான் என்னை ஊரே கெஞ்சியிருக்கிறது. நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு நூலகத்திலேயே அதிகம் பேசுகிற ஆள் நான். பேசிக்கொண்டே வா என்று முதன்முதலாக ஒருவர் கேட்டது அன்றுதான். நான் தலையாட்டிவிட்டு மாவைத் தராசில் வைத்தேன். இரண்டாவது சக்கரமும் நின்றது. மறுநாள் தனியாக நீலாம்பூர் பைபாஸ் வரை போய் எண்பதுக்கு மேல் மிதித்துப் பார்த்தேன். ஸ்டீரிங் வைத்த இடத்தில் இருந்தது.

கட்டுச்சோற்று நாளில் தக்காளிச் சோறு, புளிச்சோறு, தேங்காய்ச் சோறு எல்லாம் டிக்கியில் ஏறின. அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்கதவைத் திறந்து உட்கார்ந்தார். பெல்ட்டின் கொக்கி வலதுபக்கம் என்பதால் அதை நான் மாட்டிவிட்டேன். முன்பெல்லாம் இதற்கே ஒரு சண்டை போட்டிருப்பேன்.

பேச ஆரம்பித்தேன். உக்கடம் பாலத்தைப் பேசினேன். பாயைப் பேசினேன். நூலகத்தில் புத்தகத்துக்குள் தோசையை மடித்து வைத்துத் திருப்பிக் கொடுத்த புரொபசரைப் பேசினேன். கிணத்துக்கடவு தாண்டும்போது முன்னால் போகும் வண்டியெல்லாம் என்னென்ன, எதிரே வருவது என்ன, நான் எந்தக் கையால் என்ன செய்கிறேன் என்று கமென்ட்ரியே கொடுத்தேன். அவர் “ம்” போட்டுக்கொண்டு வந்தார். முதலில் கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தவர், பொள்ளாச்சி வரும்போது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பொள்ளாச்சி தாண்டி உடுமலைச் சாலையில் தேங்காய் மட்டை ஏற்றிய லாரி ஒன்று எங்களை மறித்துக்கொண்டே போனது. அதை முந்துவதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்ததில், என்னை அறியாமல் வாய் நின்றுவிட்டது. முந்தி வெளியே வந்தபோது பக்கத்தில் அவர் கை காற்றில் நீண்டு தடவிக்கொண்டிருந்தது. டேஷ்போர்டைத் தொட்டது, கியரைத் தொட்டது, கடைசியில் கியர் மேலிருந்த என் மணிக்கட்டில் வந்து நின்றது. முகம் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

“அம்மணி, இருக்கறயா?”

“இருக்கறனுங்க” என்றேன்.

கியரை மாற்ற வேண்டிய வேகம் வந்துவிட்டது. அவர் கையை எடுக்கவில்லை, நானும் என் கையை உருவிக்கொள்ளவில்லை. வண்டி மூன்றாவது கியரிலேயே முனகிக்கொண்டு வெகுதூரம் போனது.